வன்னியிலிருந்து அரசறிவியல் ஆய்வுக்கு அரச மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களிலிருந்து அரசறிவியல் படித்த, படிக்கிற பிள்ளைகளுக்காகவும் அவர்களுக்கு வழிகாட்டுகிற ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆய்வாளர் ஒருவர் படலையடியில் வந்து நின்றால் அவரிடம் என்ன கேட்கலாம் என்று அறிய விரும்பும் ஊரவர்களுக்கும் இதில் சில பதில்கள் உண்டு.

நெல்லுக்கு ஆராய்ச்சி, டெங்குக்கு ஆராய்ச்சி என்றால் விளங்குகிறது. அரசியலை ஆராய எதற்கு அரசாங்கம் காசு தர வேண்டும்?

இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரை யாழ்ப்பாணத்துக் குடிநீருக்குக் கொண்டுபோகும் திட்டம் 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாத வருடங்கள் இருக்க, இது எப்படிச் சரிவரும் என்று கேட்டார்கள். பேச்சும் எதிர்ப்பும் வருடக்கணக்கில் இழுபட்டன. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குவது என்று முடிவாகி, 2024இல் அந்த நிலையம் திறக்கப்பட்டது.

குளம் எவ்வளவு நீர் கொள்ளும் என்பதைப் பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தத் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? கமக்காரர் அமைப்பு சம்மதித்தது என்றால் அது தலைவரின் கையெழுத்தா, கூட்டத்தின் தீர்மானமா? கடைமடைக்காரனின் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்டதா? மாகாண சபைக்கும் மத்திய அமைச்சுக்கும் இடையில் எல்லை எங்கே? இவை அரசறிவியல் கேள்விகள். திட்டம் வருவதற்கு முன்பே யாராவது ஒரு வருடம் அங்கே தங்கி, சிறுபோகக் கூட்டங்களில் இருந்து பார்த்து எழுதியிருந்தால், அதற்கு ஆகியிருக்கும் செலவு அந்தக் கடனுக்குப் பக்கத்தில் ஒரு பொருட்டே அல்ல.

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம் ஓர் அரசறிவியலாளர். தண்ணீர், மீன், காடு போன்ற பொதுச் சொத்துகளை அவற்றைப் பாவிக்கும் மக்களே விதி வகுத்து எப்படிக் காக்கிறார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆய்வு. அதற்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நெடுங்காலம் மானியம் கொடுத்தது. அவர் எடுத்துப் பேசிய உதாரணங்களில் எங்கள் நாட்டுக் கல்லோயா நீர்ப்பாசனமும் மாவெல்லக் கரைவலைத் தொழிலும் இருக்கின்றன. வன்னியில் குளத்துக்கும் கரைவலைக்கும் பஞ்சமில்லை. அவற்றை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஆராய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்புறம், அது யாருடைய பணம்? 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். புதுக்குடியிருப்பில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்குகிறவரும் திறைசேரிக்குப் பணம் கட்டுகிறார். அதனால் மானியம் கேட்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திடம். அரச பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து ஆய்வு மானியம் கொடுக்கின்றன. தொகை சிறிது. ஆனால் முதல் ஆய்வுக்கு அதுதான் தோது, போட்டியும் உள்ளூர்ப் போட்டி. அழைப்பு துறைத் தலைவர், பீடாதிபதி வழியாக வரும். ஆகவே துறை அலுவலகத்தோடு தொடர்பில் இருங்கள்.

அடுத்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி உருவானது. அதன் கீழ் மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞான உயர் கற்கைகளுக்கான தேசிய நிலையம் 2005இலிருந்து இயங்குகிறது. அரச பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் முதுதத்துவமாணி (எம்.பில்.), கலாநிதிப் பட்டங்கள் படிக்க உதவுவது இதன் முக்கிய வேலை. அரசறிவியல்காரர்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற இடம் இதுதான்.

மூன்றாவது, தேசிய விஞ்ஞான மன்றம். விஞ்ஞானம் என்ற பெயரைப் பார்த்துவிட்டுக் கலைப்பீடத்தார் பலர் எட்டியும் பார்ப்பதில்லை. அந்த மன்றம் சமூக விஞ்ஞானத்துக்கென்றே ஓர் ஆய்விதழைப் பல பத்தாண்டுகளாக வெளியிட்டு வருகிறது. மானிய அழைப்பு வரும்போது எந்தெந்தத் துறைகள் அடங்குகின்றன என்று வாசித்துப் பாருங்கள். தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் இருக்கிறது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் இயற்கை விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் பக்கம்.

உலக வங்கிக் கடனில் 2017இல் தொடங்கிய 100 மில்லியன் டொலர் உயர்கல்வித் திட்டம் முடிந்துவிட்டது. அதன் பழைய படிவங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரிய பணமில்லை. இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கிட்டத்தட்ட 0.1 வீதம். அதிலும் சமூக விஞ்ஞானத்துக்குப் போவது சிறு துண்டு.

நான் இளமாணி மாணவி. நானே விண்ணப்பிக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. முதன்மை ஆய்வாளராக நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் விதிகள் கேட்கும். நீங்கள் அவருடைய ஆய்வு உதவியாளராகச் சேரலாம். மானியத்தில் முதுதத்துவமாணிப் படிப்புக்கு இடம் இருந்தால் அதற்குள் போகலாம். சிறப்புக் கலைமாணி இறுதி வருட ஆய்வேட்டை நல்ல கள ஆய்வாகச் செய்து வைத்திருப்பவரைத்தான் விரிவுரையாளர் தேடி எடுப்பார். உங்கள் முதல் விண்ணப்பம் அந்த ஆய்வேடுதான் என்று நினைத்துச் செய்யுங்கள்.

மகாபொல புலமைப்பரிசிலையும் இதையும் குழப்ப வேண்டாம். மகாபொல படிப்புச் செலவுக்கு. ஆய்வு மானியத்துக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

வவுனியாவிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே அரசறிவியல் இல்லையா?

2021 ஓகஸ்ட் முதலாம் திகதி அது தனிப் பல்கலைக்கழகமானது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்களோடுதான் தொடங்கியது. கலைப்பீடம் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அரசறிவியல் துறை யாழ்ப்பாண வளாகத்திலேயே இருக்கிறது. ஆக, வன்னியின் அரசியலைப் படிக்க வன்னிப் பிள்ளை வன்னியை விட்டுப் போக வேண்டும். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாறும்வரை, விடுமுறைக்கு ஊருக்கு வரும் நாட்களைக் கள ஆய்வு நாட்களாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தத் தலைப்பை எடுப்பது? போரைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கிளிநொச்சிக்காரரை வன்னியார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் வாக்குப் போடும்போது அவர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும்தான். இந்தப் பிரிப்பு கிளிநொச்சியின் அபிவிருத்திக்கு நல்லதா கெட்டதா என்று பாரபட்சமில்லாமல் ஒருவர் ஆராயலாம்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களும் 5 கட்சிகளுக்குப் பிரிந்தன. முதலிடம் தேசிய மக்கள் சக்திக்கு. தமிழ்க் கட்சிகள் தனித்தனியாக நின்றதாலா, வாக்காளரின் மனம் மாறியதாலா, இளைஞரா முதியவரா மாறினார்கள்? தேநீர்க் கடையில் ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. வாக்களிப்பு நிலைய வாரியாக, ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிய விளக்கம்தான் எங்களுக்கு வேண்டும்.

வடக்கு மாகாண சபைக்கு ஒரே ஒரு தேர்தல்தான் நடந்திருக்கிறது, 2013 செப்டெம்பர் 21. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர் நிர்வாகம். தெரிவு செய்த சபை இல்லாத காலத்தில் ஒட்டுசுட்டானில் ஒரு வீதி திருத்த வேண்டும் என்றால் மக்கள் யாரிடம் போகிறார்கள்? இது ஒரு முழு ஆய்வு.

உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. கரைச்சியிலோ மாந்தை கிழக்கிலோ அப்படி உள்ளே போன பெண் உறுப்பினர்கள் சபையில் எத்தனை முறை பேசினார்கள், அவர்கள் கொண்டுவந்த பிரேரணைகளுக்கு என்ன நடந்தது என்பதைக் கூட்டறிக்கைகளிலிருந்தே எடுக்கலாம்.

காணி இன்னொன்று. காணி உத்தரவுப்பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்திடம் வனத் திணைக்களம் ஒன்று சொல்லும், தொல்லியல் திணைக்களம் இன்னொன்று சொல்லும், மகாவலி அதிகாரசபை வேறொன்று சொல்லும். மூன்றும் அரசுதான். ஒரே அரசுக்குள் அதிகாரம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதற்கு முல்லைத்தீவை விட நல்ல களம் இருக்குமா தெரியாது.

போரைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போரைப் பற்றியே கேட்கிறவர்கள் வந்து வந்து போனதில், மக்கள் ஒவ்வொரு நாளும் அரசோடு படுகிற பாடு எழுதப்படாமல் போய்விட்டது. என் கவலை அதுதான்.

அரசை ஆராய அரசே பணம் தருமா? கசப்பான முடிவு வந்தால் நிறுத்திவிடாதா?

நியாயமான பயம். வேறு நாடுகளில் நடந்ததைப் பார்த்தால் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது.

அமெரிக்காவில் 2013 மார்ச்சில் செனட்டர் டொம் கோபேர்ன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தேசியப் பாதுகாப்புக்கோ பொருளாதார நலனுக்கோ உதவும் என்று பணிப்பாளர் சான்று கொடுத்தால் ஒழிய, ஒஸ்ட்ரமுக்கு மானியம் கொடுத்த அதே தேசிய அறிவியல் அறக்கட்டளை அரசறிவியல் ஆய்வுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறியது. அந்த வருடம் ஓகஸ்டில் வர இருந்த அரசறிவியல் மானியச் சுற்று நிறுத்தப்பட்டது. அரசறிவியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் சங்கம் தொடர்ந்து வாதாடியது. 2014 ஜனவரியில் வந்த நிதிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை.

பிரித்தானியாவில் 1965இல் தொடங்கிய சமூக அறிவியல் ஆய்வு மன்றத்தை மார்கிரட் தட்சரின் அமைச்சர் கீத் ஜோசப் மூடிவிடப் பார்த்தார். அதை விசாரிக்க ரொத்சைல்ட் பிரபுவை நியமித்தார். 1982இல் வந்த அவருடைய அறிக்கை மூட வேண்டாம் என்றது. மன்றம் தப்பியது, பெயரிலிருந்து ‘அறிவியல்’ போனது.

இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது, பணம் பிரிக்கும் முறை. எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்பதை அமைச்சர் முடிவெடுக்காமல், அதே துறை அறிஞர்கள் பெயர் தெரியாமல் வாசித்துப் புள்ளி போட வேண்டும். இந்த மீளாய்வு உறுதியாக இருக்கும் இடத்தில் ஆய்வாளருக்குப் பாதுகாப்பு உண்டு. இலங்கையிலும் மானிய விண்ணப்பங்கள் மீளாய்வாளர்களுக்குப் போகின்றன. எனவே உங்கள் முன்மொழிவு கேள்வியாக இருக்கட்டும், தீர்ப்பாக வேண்டாம். ‘காணித் திணைக்களங்களின் அநீதி’ என்று தலைப்பிட்டால் முடிவை முதலே எழுதிவிட்டீர்கள். ‘ஒரே காணியில் மூன்று திணைக்களங்களின் அதிகாரம்: முல்லைத்தீவு மாவட்டத்தில் முடிவெடுக்கும் முறைகள்’ என்று எழுதுங்கள். அநீதி இருந்தால் அது தரவிலிருந்து தானாக எழுந்து வரும். அப்போது யாராலும் அதைத் தள்ள முடியாது.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் பாருங்கள்: முடிவுகளை வெளியிட நிதி கொடுப்பவரின் முன் அனுமதி வேண்டுமா? வேண்டும் என்று இருந்தால் கையெழுத்து வைக்க முன் கேளுங்கள்.

செலவுத் திட்டத்தில் எதைப் போடுவது?

வன்னியை அறியாதவர் போடும் செலவுத் திட்டத்தை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். ‘போக்குவரத்து’ என்று ஒரு வரி, அதற்கு ஒரு தொகை, அவ்வளவுதான். இங்கே முல்லைத்தீவிலிருந்து ஏ35 வீதியால் பரந்தனுக்குப் போவது ஒரு கதை, நெடுங்கேணிக்கு உள்ளே ஒரு குடியேற்றத்துக்குப் போவது வேறு கதை. பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் முச்சக்கரவண்டிதான். பொழுதுபட்டால் சில வீதிகளில் யானை நிற்கும். ஆகவே கிராமம் கிராமமாகப் பிரித்து, எதுவரை பஸ், எங்கிருந்து முச்சக்கரவண்டி, எந்த இரவு எங்கே தங்குவது என்று எழுதுங்கள். மீளாய்வாளர் கொழும்பில் இருந்து வாசித்தாலும், இவருக்கு இடம் தெரியும் என்று அந்த ஒரு பக்கத்திலேயே அவருக்கு விளங்கிவிடும்.

எல்லோரும் மறப்பது ஒலிப்பதிவை எழுத்தாக்கும் செலவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒருவர் முழு நாளும் இருக்க வேண்டி வரும். முற்றத்தில் பதிந்த பேச்சு என்றால் இன்னும் கூட. கோழி கத்தும், தண்ணீர் மோட்டார் ஓடும், பக்கத்து வீட்டு அக்கா இடையில் வந்து தன் கதையைச் சொல்வா. அதன் பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்த வேலையை ஊரிலேயே உயர்தரம் முடித்துவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதற்கு ஒழுங்கான கூலியும் போடுங்கள். வன்னிப் பேச்சு அவர்களுக்கு விளங்குவதுபோல் வேறு யாருக்கும் விளங்காது, நாலு காசும் ஊருக்குள் நிற்கும்.

முதன்மை ஆய்வாளரின் சம்பளத்தை இதில் போட முடியாது. கணினி, கமரா வாங்குவதானால் அரச கொள்முதல் விதிப்படி விலைமனு எடுக்க வேண்டும். நிதியாளர் பகுதியோடு சண்டை பிடிக்காதீர்கள். பல்கலைக்கழகக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்ப்பார், அரச நிறுவனங்களின் கணக்கை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் பார்க்கும். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் நிதியாளர் பகுதியினர்.

பணம் எப்போது கைக்கு வரும்?

நினைத்ததை விடப் பிந்தித்தான். அரசின் நிதியாண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. அழைப்பு, மீளாய்வு, ஒப்பந்தம் என்று போய் முதல் தவணை வருவதற்குள் வருடத்தின் பாதி போய்விடும். டிசம்பர் கிட்ட வரும்போது, ஒதுக்கிய பணத்தைச் செலவழித்து முடியுங்கள் என்று நெருக்குவார்கள். அந்த நேரம் வன்னியில் என்ன நடக்கும்? காலபோகம் விதைத்திருக்கும், மாரி மழை, குளங்கள் வான்பாயும், பாதை மூடும். ஜனவரி, பெப்ரவரியில் அறுவடை. யாரும் உங்களோடு இருந்து பேச மாட்டார்கள்.

எனவே கால அட்டவணையைப் பயிர்நாட்காட்டியை வைத்துப் போடுங்கள். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் மனதில் கொஞ்சம் ஆறுதலும் இருக்கிற மார்ச், ஏப்ரல் நல்ல காலம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் நாட்களை விட்டுவிடுங்கள், முல்லைத்தீவில் வீடுகளில் ஆள் இருக்காது. மன்னார்ப் பக்கம் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. மழைக்காலத்துக்கு ஆவண வேலையை வையுங்கள்: கூட்டறிக்கைகள், வர்த்தமானிகள், தேர்தல் முடிவுகள்.

பஸ்ஸில் பற்றுச்சீட்டு தராவிட்டால்? பயணக் குறிப்பேடு ஒன்றை முதல் நாளே தொடங்கி, திகதி, இடம், தொகை எழுதிக்கொண்டே வாருங்கள். இப்படிச் செலவுகளை ஏற்க என்ன படிவம் வேண்டும் என்று நிதியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் மக்கள் முகம் மாறுகிறது. என்ன செய்வது?

மாறத்தான் செய்யும். இங்கே ஒரு குடும்பம் எத்தனை பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கும் என்று யோசியுங்கள். செட்டிகுளம் முகாமில் பதிவு, மீள்குடியேறும்போது பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, ஆணைக்குழுவுக்குப் பதிவு, தொண்டு நிறுவனத்துக்குப் பதிவு. “எத்தனை தரம் தம்பி பதியிறது?” என்று ஓர் அம்மா கேட்டால் அது மறுப்பல்ல. முன்னே வந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று சொல்கிறார்.

சம்மதத்தை வாய்மொழியாகப் பெறலாம். அப்படிப் பெறுவதற்கான காரணத்தை நெறிமுறை மீளாய்வுக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதுங்கள். குழுவின் அனுமதி இல்லாமல் களத்துக்குப் போகவே வேண்டாம். வீட்டில் போய் இருந்ததும் ஒலிப்பதிவுக் கருவியை எடுக்காதீர்கள். நீங்கள் யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம், பணம் யார் தருகிறார்கள், இதனால் வீடோ நிவாரணமோ கிடைக்காது, வேண்டாமென்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்று நேராகச் சொல்லுங்கள். பணம் அரசாங்கத்துடையது என்பதை மறைக்கக் கூடாது. அதைக் கேட்டுப் பேசாமல் விடுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டி அறிவித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் விதானையாரையே கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், காணி, உதவி விவகாரங்களில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளிடம் பேசி ஆய்வு செய்யலாமா?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதே மாதம் வவுனியாவிலும் தொடங்கியது. அது எங்கள் காலத்தின் மிகப் பெரிய அரசியல் நிகழ்வுகளில் ஒன்று, ஆராயப்பட வேண்டும். ஆனால் முதல் ஆய்வாக எடுக்காதீர்கள். ஒரு தாய் பேசி முடித்த பிறகு அவரோடு இருக்க, மனநல உதவிக்கு வழிகாட்ட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த கதையைத் திரும்பச் சொல்லவைக்காமலே, போராட்டம் எப்படி அமைப்பானது, காணாமல் போனோர் அலுவலகத்தை ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம்.

பெயரையும் ஊரையும் குறிப்பேட்டிலேயே எழுதாமல் விடுங்கள். எழுதாத பெயரை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. ஒலிப்பதிவைக் கைபேசியில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

தரவு தர அலுவலகங்கள் மறுக்கின்றன. வேறு வழி?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ‘காணி பற்றிய எல்லா விபரமும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘இந்தப் பிரதேச சபையின் 2018 முதல் 2022 வரையான மாதாந்தக் கூட்டறிக்கைகளின் பிரதிகள்’ என்று கேளுங்கள்.

குடித்தொகைத் தரவைப் பாவிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 1981க்குப் பிறகு வன்னியில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. இடையில் 31 வருடம், எத்தனையோ இடப்பெயர்வு. அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்து வரைபடம் கீறினால் அது பொய்.

“எங்களைப் பற்றி எழுதி நீங்கள் பட்டம் எடுக்கிறீர்கள். எங்களுக்கு என்ன?” என்று ஊரில் கேட்கிறார்கள்.

சரியான கேள்வி. பதிலைச் செலவுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள்: தமிழில் ஒரு சுருக்க அறிக்கை, அச்சிட ஒரு தொகை, திரும்பிப் போய் வாசித்துக் காட்ட ஒரு பயணம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலோ மாதர் அபிவிருத்திச் சங்கத்திலோ அரை மணி நேரம் கேட்டால் தருவார்கள். அங்கே யாராவது எழும்பி, “தம்பி, இது பிழை, அந்தத் தீர்மானம் எடுத்தது அந்த வருசமில்லை” என்று திருத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கையில் அது வரட்டும். பிரதேச சபை நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள், இணையத்தில் ‘நூலகம்’ என்ற பெயரில் இயங்கும் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்புங்கள்.

ஊரவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறிக்கை தமிழில் வருமா, எப்போது வரும் என்று ஆய்வாளரிடம் முதல் நாளே கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரித்து உண்டு.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதலில் தமிழில் யோசித்து எழுதி, கேள்வி தெளிவான பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் நன்றாக வருகிற ஒருவரிடம் காட்டித் திருத்துவதில் வெட்கமில்லை.

வெளிநாட்டு அரசுகளின் உதவி?

இந்திய அரசு, பொதுநலவாயம், அமெரிக்காவின் புல்பிரைட் என்று மேற்படிப்புப் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. போய்ப் படித்துவிட்டு வாருங்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஆளைப் படிப்பிக்கும் பணம். வன்னியில் வருடக்கணக்காக நடக்க வேண்டிய ஆய்வுக்கு உள்நாட்டு நிதிதான் நின்று பிடிக்கும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

மீளாய்வாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால், மீளாய்வாளரின் பெயர் வேண்டாம், குறிப்பு மட்டும் போதும் என்று எழுத்தில் கேளுங்கள். ‘முறையியல் தெளிவில்லை’ என்று இருந்தால் எந்த ஊர், எத்தனை பேர், ஏன் அவர்கள் என்று திருத்துங்கள். ‘தேசிய முக்கியத்துவம் இல்லை’ என்று இருந்தால் மனம் விடாதீர்கள், அந்தக் குறிப்பு அடிக்கடி வரும். அதற்குப் பதிலாக அதே பிரச்சினை மொனராகலையிலும் அனுராதபுரத்திலும் எப்படி இருக்கிறது என்று ஒரு பந்தி சேர்த்து, அங்குள்ள பல்கலைக்கழகத்துச் சிங்கள ஆய்வாளர் ஒருவரையும் இணைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கு அனுப்புங்கள். குளமும் காணியும் உள்ளூராட்சியும் அவர்களுக்கும் இருக்கின்றன. திருத்திய பிரதியைத் துறைத் தலைவரிடம் இப்போதே ஒன்று கொடுத்து வைத்தால், அழைப்பு வந்ததும் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்காது.